பின்னாலிருந்து மூன்றாவது

டிக் டிக் டிக் டிக் என்று அது போத்தனூர் ரயில்வே கேட்டைத் தாண்டும்போதே கேட்டுவிடும். லாரி போனாலும் பஸ் போனாலும் அவற்றின் இரைச்சலுக்குள் நுழைந்து தனியாக வரும், கூட்டத்தில் ஒரே ஒரு ஆள் மட்டும் கொலுசு போட்டு நடந்து வருவதுபோல. உள்ளறையில் அம்மாவின் தையல் மெஷின் அந்த நொடியே நின்றுபோகும். மெஷின் விட்ட இடத்திலிருந்து அந்தச் சத்தம் தைக்கத் தொடங்கும். தம்பி தேவராசு கோலிக்குண்டுகளை டவுசர் பையில் அள்ளித் திணித்துக்கொண்டு கணக்குப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிரிப்பான். பூங்கோதை ரேடியோவின் காதைத் திருகுவாள். சமையலறையில் பலகையில் உட்கார்ந்திருக்கும் கமலவேணி சித்தி பாதிக் காபியோடு தம்ளரை வைத்துவிட்டு, "மாமா வந்துட்டாருக்கா, நான் கெளம்பறேன்" என்று எழுந்து, புழக்கடைப் படலைச் சத்தமில்லாமல் தூக்கி வைத்து, முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம் போயிருப்பாள். அப்பா கேட்டைத் திறந்து பியட் காரை உள்ளே விடும்போது அந்த வீடு துடைத்து வைத்த பாத்திரம்போல இருக்கும். யாரும் எதையும் செய்துகொண்டிருக்கவில்லை. சித்தி குடித்துவிட்டுப் போன தம்ளரை மட்டும் அம்மா கழுவிக்கொண்டிருப்பாள்.

அந்த வண்டி இப்போது அதே ஷெட்டில் பானட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு வாயைத் திறந்துகொண்டு நிற்க, அறுபத்திரண்டு வயதில் பூங்கோதை அதன் வாய்க்குள் குனிந்திருந்தாள். மார்பு படபடவென்று அடித்துக்கொண்டது. பயமில்லை இது, பரீட்சை எழுதி முடித்துவிட்டுக் கடைசி மணி அடிக்கக் காத்திருக்கும்போது வருமே, அது. பிஸ்டன் உட்கார்ந்துவிட்டது, காம் ஷாப்ட் உட்கார்ந்துவிட்டது, வால்வுகளை ஒவ்வொன்றாகப் பசை தடவித் தேய்த்து அதனதன் இருக்கையில் சேர்த்தாகிவிட்டது, நேற்று ஹெட்டை ஏற்றி முறுக்கியும் முடித்தாள். எட்டு புஷ்ராடுகளும் எட்டுத் துளைகளில் ஊதுவத்திபோல நட்டுக்கொண்டு நின்றன. இனி எட்டு ராக்கர்களைத் தண்டில் கோத்து மேலே வைக்க வேண்டும், இடைவெளி பார்க்க வேண்டும், மூட வேண்டும், சாவியைத் திருக வேண்டும். அவ்வளவுதான். பெண்கள் பாலிடெக்னிக் ஒர்க்‌ஷாப்பில் காலமெல்லாம் பிள்ளைகளுக்கு இதைப் பாதி வெட்டித் திறந்த மாதிரி இன்ஜினில் காட்டிக்காட்டிச் சொல்லியிருக்கிறாள். கீழே காம் சுழன்று புஷ்ராடைத் தள்ளும், புஷ்ராடு ராக்கரின் ஒரு நுனியைத் தூக்கும், சாய்ந்தாடும் பலகைபோல மறுநுனி கீழிறங்கி வால்வை அமுக்கும், வால்வு திறக்கும், இன்ஜின் மூச்சு விடும். அந்த வெட்டிய இன்ஜின் ஒரு நாளும் ஓடியதில்லை. கைப்பிடியைச் சுற்றினால் ஊமையாகத் தலையாட்டும். ஓடுகிற ஒன்றை, தன் கையால் சேர்த்த ஒன்றை, ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். சித்தியை நினைத்ததும் கையிலிருந்த துணி நழுவியது. நாளை ஞாயிறு. திங்கட்கிழமை காலையில் சித்தியின் மகன் வந்து அவளை ஓசூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறான். நாலாவது மாடி, இனி இங்கே வீடு கிடையாது, கிணத்துக்கடவு வீட்டை விற்றாகிவிட்டது. ஆக, நாளை ஒரு நாள்தான்.

போன மாதம் போயிருந்தபோது சித்தி கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். "ஒரு கிறுக்கு ஆசை அம்மிணி. சிரிக்கக் கூடாது. உங்கய்யன் வண்டியில முன்சீட்டுல ஒக்கார்ந்து வந்து, உங்கூட்டு முன்வாசல்ல எறங்கோணும். ஒருக்காப் போதும்." எறங்கி என்ன பண்ணுவீங்க என்று கேட்டதற்கு, "என்ன பண்றது, காபி குடிக்கிறதுதான். முழுசா ஒரு தம்ளர்" என்றாள். அதற்குப் பூங்கோதை சிரிக்கத்தான் செய்தாள். பஸ்ஸில் திரும்பும்போது ஒத்தக்கால் மண்டபம் வரைக்கும் ஜன்னல் பக்கமாகவே முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். வேறு சாதிக்காரரான டிராயிங் மாஸ்டரைக் கட்டிக்கொண்டு வந்து நின்ற அன்று சித்திக்குப் பத்தொன்பது வயது; பூங்கோதை அப்போது பிறக்கவில்லை, பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். "அவ இந்த வாசப்படியை மிதிச்சா அப்பறம் நான் மிதிக்க மாட்டேன்" என்று அப்பா சொன்னார். கத்தவில்லை. சாப்பிட்டுக்கொண்டே, ரசத்துக்குக் குழி பண்ணிக்கொண்டே சொன்னார். அப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அம்மாவும் எடுக்கவில்லை. வாசப்படியைத்தானே சொன்னார், புழக்கடையைச் சொல்லவில்லையே என்று அம்மா எடுத்துக்கொண்டாளோ என்னவோ.

கையைத் துடைத்துக்கொண்டு இட்லித் தட்டுகளுக்காகத் திரும்பினாள். ராக்கர்களை அவள் இட்லித் தட்டில்தான் வைத்திருந்தாள். நாலு குழித் தட்டுகள் இரண்டு, எட்டுக் குழிக்கு எட்டு ராக்கர், இதைவிடத் தோதாக உலகத்தில் ஒன்று கிடையாது. இவை கலக்கக் கூடாது என்பதுதான் இந்த வேலையில் முதல் பாடம். ஒவ்வொரு ராக்கரும் தன் வால்வோடும் தன் புஷ்ராடோடும் தேய்ந்து தேய்ந்து, ஒருத்தர் பள்ளத்துக்கு ஒருத்தர் மேடாக, புருஷன் பெண்டாட்டிபோல ஆகியிருக்கும். இடம் மாறினால் ஓடாமல் இருக்காது. ஓடும், ஆனால் ஒன்றையொன்று அரித்துக்கொண்டே ஓடும். அதனால் கதவுப் பக்கம் இருக்கும் குழியில் தொடங்கி, கோயில் சுற்றுவதுபோல வலமாக ஒன்று இரண்டு மூன்று நான்கு. அடுத்த தட்டில் ஐந்து ஆறு ஏழு எட்டு. தட்டுகளை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள். இப்போது மேசையில் ஒரு தட்டுதான் இருந்தது. இல்லை, இரண்டும் இருந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக, கீழ்த்தட்டுக் குழிகளுக்கு நேராக மேல்தட்டுக் குழிகள் வராதபடி, அழகாக முறுக்கி அடுக்கப்பட்டு, மேலே காக்கா எச்சம் விழாமல் ஒரு பேப்பரால் மூடப்பட்டிருந்தன.

"தேவூ!"

தேவராசு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். பக்கத்து வீடுதான், ரிட்டயர் ஆன பிறகு பாதி நாள் இங்கேயே கிடக்கிறான். "ஏனக்கா, எதுக்கு இப்பிடி கூப்பாடு போடறே?" "இதை யார் தொட்டது?" "நாந்தான். மேசையில ஒரு சாமான் வெக்க எடமில்ல, பெட்ரோல் கேனை எங்க வெக்கறது? ஒதுக்கி வெச்சேன். ஒரு சாமானும் கீழ விழுகல, நல்லாப் பாரு." "எப்படி ஒதுக்குனே?" "எப்படீன்னா? இட்லித் தட்டுன்னா ஒன்னு மேல ஒன்னு மாத்தித்தான வெப்பாங்க? நேருக்கு நேரா வெச்சா மேல் தட்டு கீழ இருக்கறதை அமுக்கிப் போடாதா?" அவன் சொன்னதில் தப்பே இல்லை. அம்மாவுக்கு மாவு ஊற்றிக் கொடுத்து வளர்ந்த கை அது. "இரும்புடா அது. இரும்பு அமுங்குமா?" "அது எனக்கென்ன தெரியும், கை பாட்டுக்குச் செஞ்சிருச்சு. எட்டும் ஒரே மாதிரித்தானக்கா இருக்குது? எதை எங்க போட்டா என்ன?" பூங்கோதை மேலே மூடியிருந்த பேப்பரை எடுத்து நாலாக மடித்தாள். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பாள், அல்லது ஸ்பேனரை வீசியிருப்பாள். அவன் கொஞ்ச நேரம் காலை மாற்றி மாற்றி நின்றான். "நாளைக்கு ஒரு டாக்சி சொல்லீறட்டுமா? ஏசி வண்டி. சித்திக்கு எந்த வண்டீன்னு தெரியவா போகுது, கண்ணே மங்கலு." "காது மங்கலில்ல" என்றாள் பூங்கோதை. அது தன் வாயிலிருந்து ஏன் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே வெளியே போனான். சிகரெட் பிடிக்கப் போகிறான். டாக்டர் நிறுத்தச் சொன்னதை அவன் அக்காவுக்கு மறைக்கிறான், அக்கா தெரிந்ததை அவனுக்கு மறைக்கிறாள்.

சரி. அழக் கூடாது. சுற்றின் வரிசை மாறவில்லை, தட்டுத்தான் திரும்பிவிட்டது. நாலில் ஒன்றே ஒன்று யாரென்று தெரிந்தால் போதும், மற்ற மூன்றும் அதன் பின்னால் கைகோத்துக்கொண்டு வந்துவிடும், தட்டாமாலை சுற்றிய பிள்ளைகளில் ஒருத்தியைப் பிடித்து நிறுத்தினால் எல்லோரும் நிற்பதுபோல. முதல் தட்டில் ஒன்று நிறமே வேறு. எப்போதோ உடைந்து மாற்றிப் போட்டது, கழற்றும்போதே பார்த்திருக்கிறாள், அது இரண்டு. இரண்டு இங்கே என்றால் ஒன்று இது, மூன்று அது, நான்கு. ஒரு தட்டு பிழைத்தது. ஹாவென்று ஒரு மூச்சு. ஷெட்டுக் கூரை ஓட்டையில் விழுந்த வெயில் காசு ஒன்று அவள் மணிக்கட்டில் ஊர்ந்தது. இரண்டாவது தட்டு. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. நாலும் ஒரே நிறம், ஒரே கனம், ஒரே ஊரில் பிறந்த ஒரே முகம். கழற்றும்போது கருகிய எண்ணெய் அப்பி இருந்தன, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்த பிறகுதான் இரும்பு தெரிந்தது. அப்போதும் எண்ணினாளே தவிர ஒவ்வொன்றாக முகம் பார்க்கவில்லை. எத்தனை வகுப்புப் பிள்ளைகளை அப்படி எண்ணியிருக்கிறோம், பேரைக் கூப்பிட்டு உள்ளேன் அம்மா கேட்டு, நிமிர்ந்து பார்க்காமலே. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒன்றை எடுத்து மூக்குக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள். வால்வை அமுக்கும் நுனி வழுவழுவென்று லேசாகத் தேய்ந்திருந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதை எடுத்தாள். கட்டைவிரல் அதன் நுனியில் நின்றது. அங்கே ஒரு குழி. தேய்ந்த குழி இல்லை, அடிபட்ட குழி. சின்னச் சுத்தியலால் காலமெல்லாம் ஒரே இடத்தில் தட்டிக்கொண்டே இருந்ததுபோல. இடைவெளி அதிகமாக விட்டிருந்தால் அப்படித்தான் ஆகும், ராக்கர் வால்வை அமுக்காது, ஒவ்வொரு தடவையும் ஓங்கி அடித்துவிட்டு அப்புறம் அமுக்கும். டிக். டிக். டிக்.

அந்தச் சத்தம் இதுதான். இந்த ஒன்றுதான்.

குனிந்து வால்வுத் தண்டுகளின் தலைகளை விரலால் தடவினாள், எட்டு வழுவழு, ஏழு வழுவழு, ஆறில் விரல் இறங்கியது, பூப்போட்ட மாதிரி ஒரு பள்ளம். ஆறு. பின்னாலிருந்து மூன்றாவது. கிடைத்துவிட்டாய், நீ ஆறு, உனக்குப் பின்னால் வருகிறவன் ஏழு. தட்டு நேரானது, எட்டும் தத்தம் வீட்டுக்குப் போய்விட்டன, எழுந்து ஒரு ஆட்டம் போடலாம், தேவூ உன் கையைக் கும்பிட வேண்டுமடா. இப்படிச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்த வேகத்திலேயே ஏதோ ஒன்று முள்ளில் சேலைபோல மாட்டியது. இது ஏன் தளர்ந்திருந்தது? மற்ற ஏழும் கச்சிதமாக இருக்க இது மட்டும்? அப்பா ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பாகக் கொண்டுபோய் இந்த இடைவெளிக்கு டாப்பெட் செட்டிங் பண்ணினாரே. உக்கடத்தில் பண்ணினார், காந்திபுரத்தில் பண்ணினார், வீட்டுக்கே மேஸ்திரியை வரவழைத்துப் பண்ணினார். பண்ணிய அன்று வண்டி பூனைபோல வரும். அந்த நாட்களில் அம்மா வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடந்துகொண்டே இருப்பாள், சித்தி காபிக்கு வரவே மாட்டாள். ஒரு வாரம் போகாது, டிக் டிக் திரும்ப வந்துவிடும். "இந்தூர்ல ஒரு பயலுக்காவது இதைச் சரி பண்ணத் தெரியுதா?" என்று அப்பா செருப்பை உதறுவார். நட் தானாகத் தளருமா? லாக் நட் போட்டு முறுக்கியது தளராது. தளர்ந்தாலும் ஒவ்வொரு தடவையும் இந்த ஒன்றே தளருமா? அவள் ஆறாவது ராக்கரைத் திருப்பி, மறுநுனியில் இருக்கும் திருகாணியை வெயில் காசுக்கு நேராகப் பிடித்தாள். இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் திருகுவது இதைத்தான். மற்ற ஏழு திருகாணிகளின் தலையிலும் மேஸ்திரிகளின் அகலத் திருப்புளி பதிந்து பதிந்து வெட்டு அகன்றிருந்தது. இதிலும் அது இருந்தது. அந்த அகல வெட்டுக்குள்ளே, அடியில், மெல்லிய கீறல்கள், நகம் கீறியதுபோல, ஒவ்வொன்றும் இரட்டைக் கோடாக. ஒரு சின்னத் திருப்புளி. முனை உடைந்து இரண்டாகப் பிளந்த சின்னத் திருப்புளி.

அவளுக்கு அது தெரியும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தையல் மெஷின் இழுப்பறையில் பாபின்களுக்கும் சாக்குக்கட்டிக்கும் நடுவே கிடக்கும், தேவராசு அதை வைத்துத் தேங்காய்க் கண்ணைக் குடைந்து முனையை உடைத்துவிட்டு அடி வாங்கினான். ஷெட்டிலிருந்து உள்ளறைக்கு எப்படிப் போனாள் என்று தெரியவில்லை, கைக்கரி கதவெல்லாம் அப்பிக்கொண்டது. இழுப்பறை வழக்கம்போல மாட்டிக்கொண்டு பிறகு ஒரேயடியாக வந்தது. இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள், ஆமாம் ஓடித்தான் வந்தாள், முழங்கால் வலியை மறந்து. திருகாணியின் அடிவெட்டில் வைத்தாள். பிளந்த முனையின் இரண்டு பற்களும் இரட்டைக் கோட்டில் போய் உட்கார்ந்தன, பூட்டில் சாவிபோல. அம்மா. அம்மா, நீயா? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அப்பா ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு தின்றுவிட்டுத் தூங்கும் நேரத்தில், இந்த இருட்டு ஷெட்டில், பானட்டைத் தூக்கி. எப்படிக் கற்றாய்? மேஸ்திரி வேலை செய்யும்போது காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு வேப்பமரத்தடியில் நின்றாயே, வெயிலுக்கு நிற்கிறாய் என்று நினைத்தோமே. ராக்கர்களை மூடும் கவருக்கு இரண்டே நட்டு, கையால் திருகினாலே வரும். லாக் நட்டுக்குத் தேவுவின் சைக்கிள் ஸ்பேனர். அரைச்சுற்று போதும். உன் முந்தானையில் முகம் புதைக்கும்போதெல்லாம் சாம்பாருக்கும் மஞ்சளுக்கும் அடியில் ஒரு கறுப்பு வாசனை வருமே, கேட்டால் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன் என்பாயே. மெஷினுக்குத்தான் விட்டாய். எந்த மெஷினுக்கு என்று நான் கேட்கவில்லை. படிப்பு வாசனையே இல்லாதவள் என்று அப்பா உன்னைச் சொல்லும்போது அந்த மேசையில் உட்கார்ந்து நானும் சிரித்திருக்கிறேன். ஒர்க்‌ஷாப் வேலைக்குப் போகிறேன் என்று சொன்ன அன்று ஊரே வாயில் கையை வைத்தபோது நீ மட்டும் ஒன்றும் கேட்காமல் என் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். எதைப் பார்த்தாய்?

மற்ற ஏழையும் ஆறாவதையும் வரிசையாகத் தண்டில் கோத்தாள், நடுவே ஸ்பிரிங்குகள், வாஷர்கள், தண்டைத் தூக்கி மேலே வைத்தாள், ஒவ்வொரு புஷ்ராடும் தன் குழியைக் கண்டுபிடித்து டொக்கென்று உட்கார்ந்தது. போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒன்றை முழுக்க இறுக்கிவிடாமல், சமமாக இறக்கினாள். அப்பாவுக்குத் தெரிந்திருக்குமோ? இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது, வேண்டாம், ஆனால் வந்துவிட்டது. கடைசிக் காலத்தில் அவர் வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவதை நிறுத்திவிட்டார். "அது பாட்டுக்கு அடிக்கட்டும் போ, அது அதோட சுபாவம்" என்றார். ரயில்வே கேட் தாண்டி வீடு வரைக்கும் அவ்வளவு மெதுவாக ஏன் ஓட்டினார்? ரோடு மோசம் என்பார். ரோடு போட்ட பிறகும் அப்படித்தான் ஓட்டினார். கேட்டைத் திறக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வாரே, தாழ்ப்பாளை ஆட்டி ஆட்டி. கழுவின தம்ளர் ஒன்று கூடுதலாகக் கவிழ்ந்திருப்பதை ஒரு நாளும் பார்த்திருக்க மாட்டாரா? பார்த்தும் சொல்லாமல் இருந்தால் அது இரக்கமா, இல்லை இறங்கிவரத் தெரியாத ஒரு ஆள் தன் வாக்கையும் காப்பாற்றிக்கொண்டு, அந்த வாசப்படிக்கு வெளியிலேயே நின்றதா? தெரியாது. இரும்பில் அம்மாவின் கை இருக்கிறது. அப்பாவின் கை எங்கேயும் இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் ஒருத்தர் விட்டுக்கொடுத்திருந்தால் அதற்குக் கீறல் விழாது. அவள் அந்த எண்ணத்தை அங்கேயே வைத்தாள். மறுபடியும் வரும், படுக்கும்போது வரும், இப்போது போ.

இடைவெளி பார்க்கும் வேலைக்கு ஒரு கணக்கு உண்டு. எது முழுதாக அமுங்கி நிற்கிறதோ அதன் எண்ணோடு கூட்டினால் ஒன்பது வரும் எண்ணுக்கு இடைவெளி பார்க்கலாம். எட்டு அமுங்கியிருக்கும்போது ஒன்று. ஏழு அமுங்கியிருக்கும்போது இரண்டு. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது பாட்டுப் போல ஒப்பிப்பார்கள். கப்பியில் ஸ்பேனரை மாட்டி இன்ஜினைக் கையால் சுற்றினாள், வால்வுகள் ஒவ்வொன்றாகத் தலைகுனிந்து நிமிர்ந்தன, உயிர் வந்த மாதிரி, ஐயோ எவ்வளவு அழகு, எண்ணெயில் மினுங்கிக்கொண்டு. ஒன்று. மெல்லிய கேஜ் தகட்டை ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் விட்டு இழுத்தாள், ஈரத்துணியிலிருந்து ஊசியை இழுப்பதுபோல லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். வந்தது. லாக் நட்டை இறுக்கினாள். இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஆறைத் தாண்டி ஏழு, எட்டு. பிறகு சுற்றி, மூன்று முழுதாக அமுங்கும் இடத்தில் நிறுத்தி, ஆறுக்கு வந்தாள். ஒன்று முழுதாக அமுங்கிக் கிடந்தால்தான் இன்னொன்றுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரியும். தகட்டை விட்டாள். இழுத்தாள். பிடித்துக்கொண்டு வந்தது. கச்சிதம். வகுப்பில் என்றால் முழு மதிப்பெண். இதோடு மூடினால் வண்டி பூனைபோலப் போகும், சித்தி வீட்டு வாசலில் போய் நின்று ஹாரன் அடித்தால்தான் தெரியும். கச்சிதம் என்று மறுபடியும் சொல்லிக்கொண்டாள். கவரை எடுத்தாள். வைத்தாள். அந்தச் சத்தத்துக்கு அந்த வீட்டில் எல்லோரும் பயந்தார்கள். அவளும் பயந்தாள், ரேடியோக் காதைத் திருகிய விரல் இன்னும் சில ராத்திரிகளில் தூக்கத்தில் திருகுகிறது. அதை ஏன் திரும்பக் கூப்பிட வேண்டும்? சித்திக்கு எண்பத்து மூன்று. திடுக்கென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டால்? ஆனால் அது பயமுறுத்துவதற்காக அடித்த சத்தம் இல்லையே. இத்தனை காலம் தப்பாகக் கேட்டிருக்கிறோம். அவர் வருகிறார் என்று அப்பா அடித்த சத்தம் என்று நினைத்தோம். அது அம்மா அடித்த சத்தம். ஓடு, நேரமிருக்கிறது, காபியை வைத்துவிட்டு ஓடு, நாளைக்கும் வா, நாளைக்கும் வா, நாளைக்கும் வா. ஒவ்வொரு டிக்கும் அதுதான்.

அவள் சின்னத் திருப்புளியை எடுத்தாள். லாக் நட்டைத் தளர்த்தி, இரட்டைப் பல்லை இரட்டைக் கோட்டில் வைத்து, அரைச்சுற்று திருப்பினாள். மணிக்கட்டு அந்த அரைச்சுற்றை முன்பே தெரிந்து வைத்திருந்ததுபோலச் சட்டென்று நின்றது. இறுக்கினாள். கவரைப் போட்டாள், இரண்டே நட்டு.

சாவி. முதல் திருகலில் ஒன்றும் இல்லை, செல்ஃப் மட்டும் இருமியது. இரண்டாவதில் கார்புரேட்டர் துப்பியது. கடவுளே, நாளை ஒரு நாள்தான். மூன்றாவது திருகலில் ஷெட்டே குலுங்கி, சைலன்சரிலிருந்து அடைந்து கிடந்த தூசியெல்லாம் ஒரு மேகமாக வெளியேறி, அது பிடித்துக்கொண்டது, தடுமாறியது, பிடித்துக்கொண்டது, ஓடியது. ஓடியது! இரைச்சலுக்குள்ளே நுழைந்து, தனியாக, கொலுசு போட்டுக்கொண்டு, டிக் டிக் டிக் டிக். பூங்கோதை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோலக் கத்தினாள். வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்த தேவராசு, ஐம்பத்தெட்டு வயது, பேரன் எடுத்தவன், வாயிலிருந்த சிகரெட்டைப் பிடுங்கி மதிலுக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டு லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு விறைத்து நின்றான். அப்புறம் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தான். "ஏனக்கா, அய்யன் வந்துட்டாருன்னே நெனச்சுட்டேன் போ. அதே சத்தம். அதைச் சரி பண்ணலியா நீ?" "சரியாத்தான்டா பண்ணியிருக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தாள், கரிக்கை வழுக்கியது, சித்தியின் நம்பர் எங்கே, இதோ. நாலைந்து தடவை மணி அடித்த பிறகு சித்தி எடுத்தாள். "யாரு?" "சித்தி, நான் பூங்கோதை. ஒன்னும் பேசாதீங்க. இதைக் கேளுங்க." போனை இன்ஜினுக்குக் கிட்டத்தில் பிடித்தாள். கொஞ்ச நேரம் பிடித்தாள். காதில் வைத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, மூச்சுச் சத்தம்கூட இல்லை. தப்புப் பண்ணிவிட்டோம், கிழவி விழுந்துகிடக்கிறாள், தேவூ வண்டியை எடு. "சித்தி? சித்தி?"

"ஆறுன காபி வாயில வந்துருச்சு அம்மிணி" என்றாள் சித்தி. குரல் அந்தப் பக்கம் சிரிக்கிறதா அழுகிறதா என்று சொல்ல முடியவில்லை. பிறகு, அக்கம்பக்கத்தில் யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, தணிந்த குரலில் கேட்டாள்: "பொறகால இருந்து மூணாவதுதானே?"

பூங்கோதை போனை மறுகாதுக்கு மாற்றினாள்.

"என்ன பேச்சே காணம்? உங்கய்யன் தூங்கறப்போ புழக்கடை வழியா வந்து கவரைத் தூக்கிப் புடிச்சது யாருன்னு நெனச்சே? உங்கம்மாளுக்கு ரெண்டு கைதான."

மறுநாள் காலையில் சித்தி முன்சீட்டில் உட்கார்ந்து, முன்வாசலில் இறங்கி, ஒரு தம்ளர் காபியை முழுசாகக் குடித்தாள். ஓசூருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. மாசி மாதம் அங்கேயே காலமானாள்.